காலில்லாத மயில்

அன்று கம்பைநல்லூர் கடைத்தெருவில் நான் இருந்தேன், அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், சம்பந்தம் கொண்டுவந்த பெரியப்பா இருந்தார். அப்பா மட்டும் வரவில்லை. "இன்னொருத்தர் வேணாம்னு சொல்றத எங் காதால கேக்க முடியாது" என்று தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அந்த நாளை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது அம்மா கையில் இருந்த கொட்டாங்குச்சிதான். அதில் விளிம்பு வரை நீலம், வெள்ளைத் துணிக்குப் போடுவது.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை நிறுத்திவிட்டு, ஊர் இளைஞர்கள் தெரு முழுக்கப் படம் போடும் விழா வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் தரையில் ஒரு கட்டம் பிடித்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு, கரித்தூள், செங்கல்தூள், காய்ந்த அவரை இலைப் பொடி என்று கிடைத்ததெல்லாம் நிறம். தார் இளகுவதற்குள் முடித்தாக வேண்டும். பக்கத்து ஊர்ச் சனம் குடை பிடித்து ஓரமாக நடந்து பார்க்கும். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் பெண் பார்க்கவும் சிலர் வருவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் ஊருக்கே தெரிந்துபோகும். தெருவில் பார்த்துவிட்டுப் போனால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

அக்காவின் கைகளில் வெண்புள்ளி. விரலில் தொடங்கி மணிக்கட்டு வரை வந்திருந்தது. முன்பு வந்த இரண்டு வீட்டாரும் காப்பி டம்ளரை வாங்கும்போதே அதைப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்பறோங்க" என்று எழுந்துபோனார்கள். அதற்காகத்தான் இந்த நீலம். "மயில் போடு. அவிங்க போற வரைக்கும் கையக் கழுவாத" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். வெண்புள்ளி ஒட்டுகிற நோயே இல்லை, புத்தகத்தில் இருக்கிறது என்று முதல்நாளே வாதாடிப் பார்த்தேன். "பொஸ்தகத்துக்கா பொண்ணக் கட்டிக் குடுக்கறோம்?" என்றார் பெரியப்பா.

மாப்பிள்ளை தொப்பூரில் லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். தாயும் மகனுமாக வந்து அக்காவின் கட்டத்தருகே நின்றார்கள். முழங்கை வரை நீலமாய்க் குனிந்திருந்த அக்கா எழுந்தாள். பக்கத்து வாளியில் கைகளை முக்கி, மிச்சமிருந்த செங்கல்தூளைப் போட்டுத் தேய்த்தாள். அக்கா இரண்டு கைகளையும் அந்த அம்மாளின் முன் நீட்டினாள்.

"வெண்புள்ளிங்க. நாலு வருசமா இருக்குது. இன்னும் பரவுனாலும் பரவும். இப்பவே பாத்துக்குங்க."

பெரியப்பா குடையை முகம் மறையத் தாழ்த்திக்கொண்டார். அந்த அம்மாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"மயிலுக்குக் காலே இல்லியே கண்ணு?"

"தோகை பெருசாப் போயிருச்சுங்க. எடம் பத்தல."

"கையத்தான் கழுவிட்டியே. இனி யாரு போடறது?"

மாப்பிள்ளை கரித்தூளை அள்ளிக்கொண்டு குத்துக்காலிட்டார். "நான் போடறேம்மா. எங் கை எந்தச் சோப்புக்கும் வெளுக்காது" என்று பக்கத்துக் கட்டத்து ஓரத்தில் தடித்தடியாய் இரண்டு கோடு இழுத்தார். "மயிலுக்கு ஜாக்கி வெச்சாப்ல இருக்குதுங்க" என்றாள் அக்கா. முதலில் சிரித்தது அவருடைய அம்மாதான். "உங்க அய்யனக் கூட்டியாங்க, பேசலாம்" என்றார் என்னிடம்.

சைக்கிளை மிதித்துத் தோட்டத்துக்குப் போனேன்.

"கையப் பாத்தாங்களா?" என்றார் அப்பா.

"பாத்தாங்க."

"கழுவுன கையா?"

"ஆமாங்கப்பா. அக்காவே கழுவிக் காட்டுச்சு."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். தண்ணீர் பாத்தி நிறைந்து வழிந்தது. மடையைத் திருப்ப அவர் எழவில்லை, நான்தான் திருப்பினேன்.

இப்போது அக்கா தொப்பூரில் இருக்கிறாள். புள்ளி முழங்கையைத் தொட்டுவிட்டது. போன வாரம் போயிருந்தபோது அந்தக் கொட்டாங்குச்சியில் அவள் மகன் மண் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தான். அன்று மிச்சமான நீலத்தை, மாமாவின் வேட்டிகளுக்குப் போட்டே தீர்த்தாளாம். அம்மா அதை ஒன்றரை ரூபாய்க்கு வாங்கினாள். அதில் பாதி, மாமாவின் வேட்டிகளுக்குப் போயிற்று. அக்காவின் கையை மறைக்க எங்களுக்கு ஆன செலவு, முக்கால் ரூபாய்.