மூதேவிக்குச் சோறு வைத்த காலம்

மாடி வீட்டுப் பெண் ஊருக்குப் போகும்போது தன் பூனையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பூனையோடு ஒரு பாக்கெட் தீனி, ஒரு அளவுக் கப், அது உட்கார ஒரு மெத்தை, விளையாட ஒரு துணி எலி என்று கல்யாணச் சீர் மாதிரி சாமான்கள் வந்து இறங்கின. "காலையில ஒரு கப், ராத்திரி ஒரு கப் ஆன்ட்டி. நடுவுல வந்து பாவமா மூஞ்சிய வெச்சிக்கும், குடுத்துடாதீங்க. வெயிட் ஜாஸ்தியாப் போச்சின்னு டாக்டர் சொல்றாரு" என்றாள். பாலும் வைக்கக் கூடாதாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பூனை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு சோபாவின் நல்ல மூலையைப் பிடித்துக்கொண்டது.

சாயந்திரம் பாக்கெட்டைக் கத்தரித்தேன். கருவாட்டு வாசனை. முழுக் கருவாடு இல்லை. கருவாட்டுக் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் அந்த இடத்தில் லேசாக இருக்குமே, அந்த வாசனை. நீங்கள் சைவமாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது ஆகாத வாசனை இல்லை. கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கடலூர் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரி வாசல், ஈரச் சாக்கு, தனக்கோடி அக்கா, மூதேவி எல்லாம் வரிசையாக வந்து நின்றார்கள்.

டிப்ளமோ முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் அம்மாவின் வாயில் விழுந்துகொண்டிருந்த எனக்கு முதன்முதலில் கிடைத்த வேலை அந்த ஐஸ் ஃபேக்டரியில் பில் போடுவது. காலையில் இருட்டு பிரிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். ஐஸ் பாளத்தை மிஷினில் போட்டு நொறுக்குகிற சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. சாயந்திரம் திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருக்கும். நான் ஏதோ பெரிய மரியாதை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். "மொதல்ல பின்னாடி போயி குளிச்சிட்டு உள்ள வா" என்று அம்மா சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது.

தனக்கோடி அக்கா பக்கத்து மீனவ கிராமத்துக்காரர். விசைப்படகு வந்து சேர்ந்ததும் ஏலத்தில் மீன் எடுத்து, எங்களிடம் ஐஸ் வாங்கிப் போட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போவார். அவருக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, மீன் வாடையில் சோறு இறங்காமல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐஸ் வாங்க வந்தவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரே நின்றார். "இன்னாடி, சோத்த வெச்சிக்கினு பொணத்துக்குக் காவல் இருக்கிற மாதிரி ஒக்காந்திருக்க? தின்னு தொல." பயத்தில் டப்பாவைக் காலி செய்துவிட்டேன். அதிலிருந்து அவர் என் டப்பாவை எட்டிப் பார்க்காமல் போன நாள் கிடையாது. மீதம் வைத்தால் என் வம்சத்தையே இழுப்பார்.

மூதேவி அவருடைய பூனை. சாம்பல் நிறம், ஒரு காதில் பழைய சண்டையின் கிழிசல். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அவர் அழைத்ததெல்லாம் மூதேவி, சனியனே, கட்டையில போறவளே என்றுதான். அவற்றில் வாயில் நுழைவதற்குச் சுலபமானதைத் துறைமுகம் எடுத்துக்கொண்டது. அக்காவின் பின்னாலேயே வந்து, அவர் கூடையோடு போன பிறகு எங்கள் ஃபேக்டரி வாசல் சாக்கில் படுத்திருக்கும். அக்காவின் பெண்ணைக் குறிஞ்சிப்பாடியில் கட்டிக் கொடுத்த பிறகு, வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது அது ஒன்றுதான்.

அதற்கு எத்தனை வேளை சோறு என்று அன்று யாராவது கேட்டிருந்தால் துறைமுகமே சிரித்திருக்கும். படகு வந்தால் ஒரு வேளை. ஏலத்தில் யாராவது கூடையைத் தட்டிவிட்டால் இன்னொரு வேளை. கவலை மீன் தலை, காரப்பொடி மீன், வலையில் நசுங்கிய ஏதோ ஒன்று. மழை நாளில் அக்கா ஊறவைத்த சென்னாக்குன்னிப் பொடி இறாலைச் சோற்றில் பிசைந்து வைப்பார். நான் ஆசையாகக் கொண்டுபோன பாலை மூதேவி ஒருமுறை குடித்துவிட்டு ஆபீஸ் முழுக்கக் கழிந்து வைத்தது. ஆகையால் பால் விஷயத்தில் மாடி வீட்டுப் பெண் சொல்வதை நான் எழுந்து நின்று ஒத்துக்கொள்கிறேன்.

சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகளை எல்லாம் கட்டிப் போட்டுவிடுவார்கள். துறைமுகம் பள்ளிக்கூட லீவு விட்ட மாதிரி ஆகிவிடும். அந்த வருஷம் அக்காவின் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். வேலையும் இல்லை, படகு இறங்கும்வரை குறிஞ்சிப்பாடியில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். போகும்போது என் மேஜைக்கு நேராக வந்து நின்றார். "பச்சக் கொழந்த இருக்கிற எடம், இத அங்க தூக்கிக்கினு போக முடியாது. நீ பாத்துக்க. திரும்பி வரும்போது இது இல்லன்னு வையி, உன்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவேன்." கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் தயிர் சோறு வைத்தேன். மோந்து பார்த்தது, போய்ப் படுத்துக்கொண்டது. சரி, அக்கா ஞாபகம், பசித்தால் தானே வரும் என்று விட்டேன். அடுத்த நாள் முட்டை. ஊஹும். வாட்ச்மேன் சிகாமணி அண்ணன் பொரையைத் தண்ணீரில் நனைத்து வைத்துப் பார்த்தார். பிறகு, "பூனைக்கும் விரதம் இருக்கும்மா, சாமி கும்புடற ஜாதி அது" என்று ஒரு விளக்கம் கொடுத்தார். நான் மூதேவிக்கு எதிரே உட்கார்ந்து, "செல்லம் இல்ல, தங்கம் இல்ல, ஒரு வாய் சாப்புடு" என்று கெஞ்சாத கெஞ்சலில்லை. வயிறு உள்ளே ஒட்டத் தொடங்கிவிட்டது.

சிதம்பரத்தில் மாட்டு டாக்டர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். "பூனைய ரொம்ப நாள் பட்டினி கெடக்க விடக் கூடாதும்மா, ஈரல் கெட்டுப் போவும். மீன வேக வெச்சி, முள்ள எடுத்துட்டு, கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு வேளையா குடுங்க. நாளைக்கும் திங்கலன்னா தூக்கிக்கிட்டு வந்துடுங்க" என்றார். ஈரல் என்றதும் எனக்கு ஈரக்குலை நடுங்கியது. குறிஞ்சிப்பாடியிலிருந்து திரும்பி வருகிற அக்காவிடம் நான் என்ன சொல்ல முடியும்?

துறைமுகத்திலோ கட்டுமரக்காரர்கள் கொண்டுவருகிற கொஞ்சநஞ்சத்துக்கும் அடிதடி. ஆகவே சிதம்பரம் மார்க்கெட்டில் ஏரி ஜிலேபி மீன் வாங்கி, அம்மாவின் முணுமுணுப்போடு வேகவைத்து, முள்ளெடுத்து, டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு காலை பஸ் ஏறினேன். டப்பா மூடி சரியில்லை. வாசனை கிளம்பியதும் கண்டக்டர் வந்துவிட்டார். "இன்னா மேடம் எடுத்துக்கிட்டுப் போறீங்க?" மீன் என்றேன். "எங்க?" கடலூர் துறைமுகத்துக்கு என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழிக்காமல் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிரைவரிடம் போய்ச் சொன்னார். டிரைவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கெமிக்கல் ஃபேக்டரிகள் இருக்கிற குடிகாடு நெருங்கிப் பஸ்ஸில் எல்லாரும் வழக்கம்போல் மூக்கைப் பொத்திக்கொண்டபோதுதான் எனக்குக் கொஞ்சம் மானம் திரும்பியது. அந்த இடத்தில் யாரும் என் டப்பாவைக் குறை சொல்ல முடியாது.

அத்தனை பாடுபட்டுக் கொண்டுபோய் வைத்த மீனை மூதேவி மோந்து பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. "ஏ மூதேவி, சனியனே! உனக்காக பஸ்ல நாறிக்கினு வந்திருக்கிறேன், நீ மொகத்தத் திருப்புறியா? கட்டையில போறவளே, தின்னு தொல!" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துப் பார்த்தால் மூதேவி எழுந்து, சோம்பல் முறித்து, டப்பாவில் தலையை விட்டுக்கொண்டிருந்தது. பாதி மீனைக் காணோம்.

மறுநாள் சந்தோஷமாக, "வாடா கண்ணு" என்று வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தேகத்தோடு, "மூதேவி, தின்னு தொல" என்றேன். வந்து தின்றது. அதன் வாழ்நாளில் திட்டு வாங்காமல் அது ஒரு வாய் சாப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டினால்தான் அது சோறு. மற்றதெல்லாம் யாரோ எங்கேயோ வைத்த பொருள்.

சிகாமணி அண்ணனும் முயற்சி செய்தார். பாவம், அவருக்குத் திட்ட வராது. "சனியனே, வந்து சாப்பிடவும்" என்று ரேஷன் கடையில் அறிவிப்பு செய்கிற மாதிரி சொன்னார். மூதேவி கொட்டாவி விட்டது. எனக்கானால் நாளுக்கு நாள் வாய் நன்றாக வளர்ந்தது. தயிர் சோற்றைக்கூடத் திட்டித் தின்ன வைத்துவிட்டேன். அந்த வைகாசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தட்டிலிருந்த பஜ்ஜியை எடுப்பதா வேண்டாமா என்று நெளிந்துகொண்டிருந்தார். என் வாய் பழக்கதோஷத்தில், "தின்னு தொல" என்று முணுமுணுத்துவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை பஜ்ஜியை எடுத்துச் சாப்பிட்டார். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டு என் கூடத்தான் இருக்கிறார்.

படகுகளுக்குப் பெயிண்ட் அடித்து இறக்கத் தயாரான நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தார். பேத்தி பிறந்திருந்தாள். மூதேவி கடைசி மீன் துண்டை விட்டுவிட்டு அவரிடம் ஓடியது. அவர் அதைத் தூக்கிப் பார்த்து, "கட்டையில போறவளே, என் எடை இருக்கிறியேடி" என்றார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டினால்தான் சாப்பிடுகிறது, நீங்கள் திட்டித் திட்டி இப்படிப் பழக்கிவிட்டீர்கள் என்றேன். அவர் நிஜமாகவே திகைத்துப் போனார்.

"நானா? நான் எங்கடி திட்டுனேன்? பேசிக்கினுதான இருந்தேன்."

ஏலத்தில் அவர் கத்துவதையும், என் டப்பாவை எட்டிப் பார்த்து இரைவதையும் அதன்பிறகு வேறு மாதிரி கேட்கத் தொடங்கினேன்.

அந்த ஐஸ் ஃபேக்டரி இப்போது இல்லை. ஷட்டருக்குப் பின்னால் தெர்மாகோல் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூடைக்காரப் பெண்கள் நின்ற இடத்தில் வேன்கள் நிற்கின்றன. முழங்கால் விட்டுப்போனதும் அக்கா மூதேவியை மீன் கூடையில் வைத்து மூடிக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்கே போய்விட்டார். அது அங்கே வயதாகி, ஒரு குறையும் இல்லாமல், கடைசி வரை திட்டு வாங்கிக்கொண்டு செத்துப்போனது. நான் வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். என் தட்டில் சோறு மலையாகும், வசவும் அதே அளவுக்கு வரும்.

ஒரு ஐப்பசி மழையில் அவர் பெண் போன் செய்தாள். "ரெண்டு நாளா அம்மா யாரையும் திட்டல அக்கா. எங்களுக்கு பயமா இருக்கு. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். கட்டிலில் சின்னதாகக் கிடந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ விருந்தாளியைக் கேட்கிற மாதிரி மெதுவாக, "சாப்டீங்களாம்மா?" என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். கண்டுபிடித்து ஒரு வார்த்தை திட்டுவார் என்று கட்டில் ஓரமாகவே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.