நான்காவது கணக்குப் புத்தகம்

ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற சின்னக் கடை. பள்ளிக்கூடங்கள் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பென் டிரைவை நீட்டி, இரண்டு பக்கமும் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பண்ணிக் கொடுங்கள் என்றேன்.

"இதுவும் பாப்பாவோட கணக்கு புக்குதானாம்மா? போன மே மாசமும் வந்து இதே மாதிரி போட்டுக்கினு போனீங்களே. அது இன்னா ஆச்சி?"

"அது வேற, இது வேற."

"கணக்கு ஒண்ணுதானம்மா?" என்றார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. கடைக்கு வெளியே வந்து, ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல வெயிலில் நின்றுகொண்டேன்.

என் மகள் மூன்றாம் வகுப்புவரை இங்கே ஒரு தனியார் பள்ளியில் படித்தாள். வாய்ப்பாடு ஒப்பிக்கவில்லை என்று அவளை அடிக்கடி வராந்தாவில் நிற்க வைத்தார்கள். நான் போய்ச் சண்டை போட்டு டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதில் கோபம் பாதிதான். நான் பி.எஸ்சி. கணிதம். பிளஸ் டூவில் கணக்கில் சென்டம். அந்த வருடம் என் போட்டோவை பிளக்ஸ் அடித்து இதே பஸ் ஸ்டாண்டில் கட்டியிருந்தார்கள். அது கிழிந்து போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஊருக்கு மட்டும் நான் இன்னும் கணக்கில் சென்டம் வாங்கின பெண். கல்யாணமாகி, வயலும் மாடும் சமையலுமாக ஆனபிறகு, அந்த சென்டத்தை எங்கேயாவது பயன்படுத்திக் காட்டவேண்டும் என்று எனக்குள் ஒரு அரிப்பு இருந்தது. மகளை வீட்டில் வைத்து நானே சொல்லித் தருகிறேன் என்று கிளம்பியதில் மீதிப் பாதி அந்த அரிப்புதான்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றால் ஊர் வேறு மாதிரி யோசிக்கும். பெரியவளாகியிருப்பாள், இல்லையென்றால் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அதுவும் இல்லையென்றால் வெளியில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. எட்டு வயதுப் பெண்ணுக்கு இதில் எதுவும் பொருந்தவில்லை. அதனால் எதிர்வீட்டு அக்கா நேராகவே கேட்டாள். "பொண்ணுக்கு ஒடம்புல எதுனா கீதாம்மா? வூட்லயே வச்சிக்கினு கீறியே." ஹோம் ஸ்கூலிங் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவைக்கப் போய்த்தான் நான் கூட்டிப் பேச ஆரம்பித்தேன். வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான், மனப்பாடமே கிடையாது, எதையும் ஏன் என்று புரிந்துகொண்டுதான் அடுத்ததுக்குப் போவார்கள் என்று அளந்துவிட்டேன்.

தமிழும் அறிவியலும் பிரச்சினையே இல்லை. அவளாகவே படித்துவிடுவாள். கணக்குதான் ஒவ்வொரு வருடமும் நடுவில் நின்றுபோகும். முதல் வருடம் அரசாங்கப் பாடப்புத்தகத்தை வைத்து ஆரம்பித்தேன். பொங்கலுக்கு முன்பே அது சரியில்லை என்று முடிவு பண்ணி, விட்டுவிட்டேன். அடுத்த வருடம் பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட வெளிநாட்டுப் புத்தகம். அதற்கடுத்த வருடம் கட்டைகளும் அட்டைகளுமாக ஒரு பெட்டி வரும், புத்தகத்தை மட்டும் நாமே பிரிண்ட் போட்டுக்கொள்கிற ஒன்று. கணினியில் இறக்கி முழுசாகப் பிரிண்ட் போட்டுக்கொள்கிற மாதிரி நான்காவதாக ஒன்று இப்போது. வீட்டில் வைத்துச் சொல்லித் தருகிற அம்மாக்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். பெரும்பாலும் சென்னைக்காரர்கள். மே மாதம் வந்தால் அங்கே இதே பேச்சுதான். ஒருத்தி ஒன்றை ஆகா ஓகோ என்பாள். இன்னொருத்தி அதையே வைத்துப் பிள்ளையின் ஒரு வருடம் பாழானது என்பாள். தப்பான புத்தகத்தைக் கொடுத்து, என் பிடிவாதத்தால் அவளுக்குக் கணக்கே வேண்டாம் என்று ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்பதுதான் பயம்.

ஸ்பைரல் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தபோது என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெல் மண்டிக்கும் வயலுக்குமாக ஓடுகிற மனிதர். படிப்பு விஷயத்தில் தலையிட மாட்டார்.

"இந்த வருசம் எந்த ஊரு கணக்கு?" என்றார்.

நான் அவர் தட்டில் ரசம் ஊற்றினேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, மகள் காதில் விழாதபடி, "இதுவும் பாதில நின்னுச்சின்னா ஸ்கூல்ல போட்ரலாம்மா. அதுக்கும் வயசு ஏறிக்கினே போவுது இல்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னதால் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

புதுப் புத்தகம் வந்தால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் வைத்திருந்துதான் எங்கள் வீட்டில் பிரிப்போம். மகளுக்கு அது பிடித்த வேலை. விரலைக் குழைத்த மஞ்சளில் தோய்த்து, மூலை மூலையாக அழகாகத் தடவுவாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

"இப்ப வாணாம்மா. இத மாத்தலன்னா அப்பறமா தடவிக்கலாம்."

"இன்னாடி பேச்சு இது, நல்ல நாளும் அதுவுமா?" என்று அதட்டினேன். அது ஒரு விசேஷ நாளும் இல்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் அரசுப் பள்ளி டீச்சர் ஒருவர் வந்தார். பள்ளி திறப்பதற்கு முன்னால் தெருத் தெருவாக வந்து, யார் வீட்டில் பிள்ளைகள் சேராமல் இருக்கிறார்கள் என்று கேட்டுப் போவார்கள். முந்தைய வருடங்களில் வந்தவர்களிடம் ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கிறேன். இவர் புதியவர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வியர்த்துப்போய் வாசலில் நின்றார். உள்ளே உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்காவும் பின்னாலேயே வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

"நீங்களே சொல்லித் தர்றீங்களாம்மா? எல்லா பாடமுமா?"

எனக்கு முன்னால் அக்கா பதில் சொன்னாள். "கணக்குல சென்டம் டீச்சர் இது. அந்தக் காலத்துல பஸ் ஸ்டாண்டுல போட்டோ போட்டாங்க. வெளிநாட்டு கணக்குலாம் சொல்லிக் குடுக்குது."

அக்கா சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. மோர் டம்ளரை வாங்கிக்கொண்டே நான் தலையைக் கொஞ்சம் குனிந்து, ஒன்றுமில்லாததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

டீச்சர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "அப்போ உனக்குக் கணக்குன்னா ரொம்பப் பிடிக்கும், இல்ல கண்ணு?"

"எனக்குக் கணக்கு வராது மிஸ்."

பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அக்கா என்னைப் பார்த்தாள். டீச்சர் நல்ல மனுஷி. உடனே பேச்சை மாற்றி, பள்ளிக்கூடத்தில் நாலு பிள்ளைகளோடு சேர்ந்து படித்தால் எல்லாம் வந்துவிடும், யோசித்துச் சொல்லுங்கள் அம்மா என்று எழுந்தார். நான் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். சும்மா சொல்கிறாள் மிஸ், நன்றாகப் போடுவாள் என்று பூசி மெழுகினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பாதவர்கள் ஆட்டுகிற ஆட்டல்.

முதலில் வந்தது அவள்மேல் கோபம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாளே என்றுதான் நினைத்தேன். அக்காவும் போனபிறகு மகளைக் கூப்பிட்டேன்.

"எதுக்குடி அப்பிடிச் சொன்ன? யாரு உனக்குக் கணக்கு வராதுன்னு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல."

"பின்ன?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். எனக்கே தெரிந்ததை நான் ஏன் கேட்கிறேன் என்கிற பார்வை. "வரலன்னுதான மாத்திக்கினே கீற? மொதல் புக்கு வரல. அப்பறம் படம் போட்ட புக்கு வாங்கின. அதுவும் வரல. அப்பறம் சின்னப் புள்ளைங்களுக்குக் குடுக்கற மாதிரி கட்டைலாம் வாங்கின. ஈஸியா எதுனா கெடைக்குமான்னு தேடற. நீ போன்ல பேசறது எனக்குக் கேக்குமில்ல?"

மூன்று வருடமாக அவளுக்கு நல்லதைத் தேடுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளோ ஒவ்வொரு புத்தகத்திலும் தான் ஃபெயில் ஆனதாகக் கணக்கு வைத்திருக்கிறாள். வராந்தாவில் நிற்க வைத்தவர்களோடு சண்டைக்குப் போனவள் நான். வீட்டுக்குள்ளேயே அவளை அதைவிட அதிக நாள் நிற்க வைத்திருக்கிறேன்.

மத்தியானம் அலமாரியிலிருந்து போன வருடத்துப் புத்தகத்தை எடுத்தேன். எங்கே நிறுத்தினோமோ அந்தப் பக்கத்தைப் பிரித்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். புத்தகத்தை மாற்றப் போவதில்லை, இதையே முடிப்போம் என்று காட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கிற பாடம். முக்காலை எட்டில் ஒன்றால் வகுக்க வேண்டும்.

"ரெண்டாவது இருக்கறத தலைகீழாத் திருப்பிப் பெருக்கு, அவ்ளோதான்" என்றேன்.

அவள் திருப்பிப் பெருக்கி, ஆறு என்று சரியாகப் போட்டாள். பென்சிலைக் கீழே வைக்கவில்லை. போட்ட விடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எதையோ கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

அவள் என்ன கேட்க வந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். போன வருடம் இதே பக்கத்தில் கேட்டிருந்தாள். வகுத்தால் குறையத்தானே வேண்டும், இது எப்படி அதிகமாகிறது? ஏன் திருப்ப வேண்டும்? அப்போது இந்தப் புத்தகத்தில் விளக்கம் சரியில்லை என்றேன். அதற்கு முந்தின வருடம், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டும்போது மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் ஏன் கூட்டக்கூடாது என்று கேட்டாள். படங்கள் குழப்புகின்றன என்றேன். அதற்கும் முன்னால், கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் வலது பக்கத்திலிருந்து போடுகிறோமே, வகுத்தல் மட்டும் ஏன் இடது பக்கத்திலிருந்து என்று கேட்டாள். அரசாங்கப் புத்தகத்தை மூடினது அந்த வாரம்தான்.

ஒவ்வொரு முறையும் புத்தகம் நின்றது அவள் ஏன் என்று கேட்ட இடத்தில். எனக்குப் பதில் தெரியாத இடத்தில். நான் படித்தது அப்படி. பாடத்தின் பின்னால் இருக்கிற கணக்குகளை எண்ணோடு சேர்த்து உருப்போட்டு, பரீட்சையில் கொட்டிவிட்டு வந்தேன். கல்லூரியிலும் அதேதான். ஏன் என்று நானும் கேட்கவில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை. மனப்பாடமே கிடையாது என்று ஊரெல்லாம் பேசின எனக்கு மனப்பாடத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. அதை இந்தச் சின்னப் பெண்ணிடம் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, புத்தகத்தின் மேல் பழியைப் போட்டேன். அவள் அதை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியலடி" என்றேன்.

"இன்னா தெரியல?"

"ஏன் திருப்பணும்னு. திருப்பணும்னு தெரியும். ஏன்னு தெரியாது."

அவள் நான் விளையாடுகிறேனா என்று பார்த்தாள். "நீ சென்டம் வாங்கினியே?"

"திருப்பித் திருப்பிப் போட்டுத்தான் வாங்கினேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அந்த புக்குலாம் எதுக்கு மாத்தின?"

"நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. அதான் மாத்தினேன். உனக்கு வராம இல்ல. எனக்குத்தான் வரல." இதைச் சொல்லிவிட்டால் அவள் முகம் தெளிந்துவிடும் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன்.

அவள் பென்சிலைப் புத்தகத்தின் நடுவில் வைத்து மூடினாள். என் கையைத் தொட்டாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லம்மா" என்றாள். "நான் கேக்காமயே இருந்திருப்பேனே."

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு ஒத்தாசை செய்கிற குரலில்தான் சொன்னாள். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.