படகுத் தகட்டில் குறுக்குக் கோடு

ஓசூர் பக்கம் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பாலிஷ் என்றால் முதலில் என் பேரைத்தான் சொல்வார்கள். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் தகட்டில் விரலை ஓட்டினால் எந்த நம்பர் எமரி பேப்பர் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு படகு விஷயத்தை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி பக்கத்து ஏரியில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட ஒரு படகு. உடம்பு ஃபைபர். கைப்பிடிக் கம்பிகளும் முன்பக்கத் தகடும் எங்கள் ஒர்க்‌ஷாப் வேலை. தகடு ஹேர்லைன் ஃபினிஷ். அதாவது முடி போல மெல்லிய கோடுகள் எல்லாம் நீளவாக்கில் ஒரே திசையில் ஓட வேண்டும். ஏரியில் இறக்கும்போது கிரேன் சங்கிலி உரசித் தகட்டில் கீறல் விழுந்துவிட்டது. மறுநாள் சாயந்திரம் ஆர்டர் கொடுத்த பார்ட்டி வந்து படகை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. தகட்டைக் கழற்ற வழியில்லை. மெஷின் போட்டால் சூடும் பொறியும் ஃபைபரைக் கெடுத்துவிடும். கையால்தான் எடுத்தாக வேண்டும்.

மறுநாள் காலை ராயக்கோட்டை வீட்டிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள், எங்கள் ஓனர் செல்வத்தைத் தகடு தேய்க்கப் படகில் ஏற்றியிருந்தார். செல்வம் திருநெல்வேலிக்காரன். கேட் வெல்டிங்கில் கெட்டிக்காரன், பாலிஷுக்குப் புதுசு. அந்த வாரம்தான் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து ஓசூரில் வீடு பிடித்திருந்தான்.

படகில் ஏறித் தகட்டைப் பார்த்தேன். பூனை பிறாண்டியது போல முழுக்கக் குறுக்குக் கோடு.

"யாருடா இப்படித் தேய்க்கச் சொன்னது?"

"ஓனர்தான் அண்ணாச்சி. கரையில நின்னு சத்தம் போட்டாவ. 'அட்டா உஜ்ஜு, போடா'ன்னு. ஏசுனா ஏசட்டும்னு நல்லா அழுத்தித் தேய்ச்சேன்."

ஓனர் கன்னடக்காரர். அவர் கத்தியது 'அட்டா உஜ்ஜபேடா'. குறுக்கே தேய்க்காதே என்று அர்த்தம். அட்டா என்றால் குறுக்கே, உஜ்ஜு என்றால் தேய். இந்த இரண்டையும் செல்வம் ஒர்க்‌ஷாப்பில் கற்றுவைத்திருந்தான். 'பேடா' மட்டும் அவன் காதில் 'போடா' ஆகிவிட்டது. அவர் கத்தக் கத்த இவன் வேகமாகக் குறுக்கே தேய்த்திருக்கிறான்.

"மேஸ்திரி, இவன இன்னிக்கே ஊருக்கு பஸ் ஏத்திடு. பார்ட்டி மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?" என்றார் ஓனர்.

"இப்பதான் வீட்ல பால் காய்ச்சினேன் அண்ணாச்சி," என்றான் செல்வம், என்னைப் பார்த்து மெதுவாக.

"பார்ட்டி வரட்டும் சார். தகட்டுல குத்தம் சொன்னா என்னையும் அதே பஸ்ல ஏத்துங்க," என்றேன். இந்தக் கை மேல் எனக்கு அவ்வளவு தைரியம்.

ஃபைபர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். கட்டையில் நூற்றிருபது நம்பர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் தொட்டு, தகட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே இழுப்பு. திரும்பும்போது கட்டையைத் தூக்கிவிட வேண்டும். கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்தால் திட்டாகத் தெரியும், அதனால் முழுத் தகடும் தேய்த்தாக வேண்டும். குறுக்குக் கோடு மறைந்த பிறகு நூற்றெண்பது. கடைசியில் ஸ்கிரப் பேட். இரும்புக் கம்பிப் பஞ்சைக் கிட்டவே விடாதீர்கள், அதன் துகள் ஒட்டித் துருப்பிடிக்கும். படகு ஆடுகிற பக்கம் கை போனாலும் கோடு வளைந்துவிடும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டையைச் செல்வத்திடம் கொடுத்து, "ஒரு கோடு இழு பாக்கலாம்," என்றேன். நேராக வந்தது. மதியத்துக்கு மேல் பாதித் தகடு அவன் கை வேலைதான்.

பார்ட்டி வந்தார். குனிந்து, தலையைச் சாய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"சங்கிலி உரசிடுச்சுன்னாங்களே, எந்த எடம்பா?"

"செல்வத்தக் கேளுங்க சார். எடுத்தது அவன்தான்," என்றேன். என் வேலைக்கு இன்னொருத்தன் பேரை நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஓனர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு செல்வத்திடம், "நாளைக்கு நேரத்துக்கு வந்துடு," என்றார்.

அதற்குப் பிறகு யாருக்கு வேலை சொன்னாலும் புரிந்ததா என்று நான் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். ஓரமாக ஒரு கோடு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

செல்வம் இப்போது சொந்தமாக பாலிஷ் கடை வைத்திருக்கிறான். அந்தப் படகைத் தான் ஒரே ஆளாக முடித்ததாக அவன் ஆட்களிடம் சொல்கிறானாம். சொல்லட்டும், பாதி உண்மைதானே.