ஜன்னல் ஓரமா, சுவர் ஓரமா

அந்த ஆடியில் எங்கள் ஊரில் நடவு நடக்கவில்லை. கூலியை உயர்த்தச் சொல்லி எங்கள் தெருவே வயலில் இறங்காமல் இருந்தது. வாய்க்கால் மதகருகே போலீஸ் வேன் நின்றது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நடவு நடந்திருந்தால் என்னோடு பஸ் ஏறிக் கல்லூரி பார்க்க அம்மாவுக்கு ஏது நேரம்?

இரண்டு இடங்களில் எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஒன்று காவிரிக் கரையில், மற்றது தஞ்சாவூருக்கு வெளியே பொட்டலில். உதவித்தொகை இரண்டிலும் உண்டு. விடுதியில் மூன்று வருஷம் இருக்கப்போகிறவள் நீதான், நீயே பார்த்துச் சொல் என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் முதல் பெண் நான். விசாரிக்க ஆள் கிடையாது.

ஆற்றங்கரைக் கல்லூரியை முதலில் பார்த்தோம். அம்மா பார்த்தாள், நான் மிதந்தேன். விடுதியின் பின்கதவைத் திறந்தால் படித்துறை. கடைசிப் படிகள் தண்ணீருக்குள் போயிருந்தன. தலை உலர்த்திக்கொண்டே சில பெண்கள் தமிழ் மன்றப் பேச்சுக்கு ஒத்திகை பார்த்தார்கள். மேடையில் பேசத் தெரிந்தவர்கள் நாட்டை ஆண்ட காலம் அது. பெண்பிள்ளைகள் மாங்காய்க்குக்கூட அடுக்குமொழியில் பேரம் பேசினார்கள். ஒருத்தி ஆற்றைப் பார்த்து "அவையோரே" என்றாள். ஆறு கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

நூலகத்தில் தண்ணீரின் வெளிச்சம் கூரைவரை அசைந்தது. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து படிப்பவளாக என்னையே நான் பார்த்தேன், நீலப் புடவையில். என்னிடம் நீலப் புடவையே இல்லை.

அறையைக் காட்ட ஒரு மூத்த மாணவி வந்தாள். மாடிப்படி ஏறும்போது எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன்.

"எந்தத் தெரு?"

எங்கள் பக்கம் எந்த ஊரானாலும் தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடும். சொன்னேன். அவள் முகம் சுளிக்கவில்லை. வார்டன் வந்து காட்டுவார் என்று சொல்லிவிட்டுப் பாதிப் படியிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் பொட்டல் கல்லூரி. ஒரு மரம் இல்லை. சுண்ணாம்பு வாடை, ஒரே குழாய், அதைச் சுற்றி வாளிச் சண்டை. நூலகம் என்று ஒரு பீரோவைக் காட்டினார்கள். விடுதி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்.

"ஜன்னல் ஓரமா, செவுத்து ஓரமா? எந்தக் கட்டில் வேணும்?"

அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துப்போயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. இருபக்கமும் தண்ணீர் கட்டிய வயல்கள், அவற்றில் கலங்கிய வானம். கண்ணை மூடினால் படித்துறை வந்தது. திறந்தாலும் வந்தது. ஆற்றங்கரைக்கே போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"தண்ணியப் பாத்தா காலேஜு சேருவ? எந்தத் தெருன்னு தெனம் கேப்பாளுங்கடி."

"கேக்கட்டும்மா. சொல்லிட்டுப் போறேன். அதுக்காக ஆத்த விட்டுட்டு வரணுமா?"

எங்கள் ஊர் மதகு வந்ததும் அம்மா போலீஸ் வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ் வரட்டும், அதற்காகக் கூலியை விட்டுவிட முடியுமா என்று அப்பாவும் இதே போல்தான் சொல்லியிருந்தார்.

சேர்ந்தேன். கேட்டார்கள், சொன்னேன். ஜன்னல் ஓரக் கட்டில் எனக்குக் கிடைத்தது. பக்கத்துக் கட்டில்காரி எதிர்ச்சுவருக்கு மாறிப்போனாள். வலித்தது. பல மாதம் வலித்தது. ஆனாலும் படுத்தபடியே ஆற்றைப் பார்த்தேன். பங்குனியில் அது மணலாகக் கிடந்தபோதும் அழகாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் ஆறு மறுபடி படிகளை மூடிய நாளில், தகரப் பெட்டியோடு ஒரு பெண் அறை வாசலில் வந்து நின்றாள். வெளியே கேட்டருகில் அவளுடைய அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த ஊர் என்று ஒருத்தி கேட்டாள். அவள் சொன்னாள். அடுத்த கேள்விக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும்தான்.

நான் முந்திக்கொண்டேன்.

"ஜன்னல் ஓரமா, செவுத்து ஓரமா?"

அவள் ஆற்றைப் பார்த்துவிட்டாள். "ஜன்னல் ஓரம்" என்றாள். நான் என் படுக்கையைச் சுருட்டினேன்.