இருபத்திரண்டு நாள் முன்னாள் மாணவர்

சித்தூரும் திருப்பதியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து, இரண்டுமே சொந்தம் கொண்டாடாத ஒரு சின்னக் கலைக் கல்லூரியில் நான் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கொருவர் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவுக்குக் கிளம்பிய காலம். என் வகுப்பில் மூன்று பேர். ஒருவர் லீவு போட்டால் எனக்கே வகுப்பு என்று சொல்லக் கூச்சமாக இருக்கும்.

கல்லூரிக்கு வெள்ளி விழா வந்தது. நிர்வாகம் பார்த்துக்கொண்ட கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டார்.

"விழா மலருக்கு நம்ம காலேஜ் சரித்திரத்த நீங்கதான் எழுதணும் சார். ஹிஸ்டரி படிச்சு யார்யார் பெரிய ஆளா ஆனாங்கன்னு காட்டுங்க. காட்டினா அந்தப் பிரிவு இருக்கும். இல்லன்னா மூடிடலாம்."

ஜன்னலை மூடச் சொல்வது போலச் சொன்னார். பிரிவு போனால் என் வேலையும் போகும். அன்றே ஆபீஸ் கிளார்க்கிடம் ஓடினேன்.

"பட்டம் வாங்கனவங்க நோட்ட கரையான் துன்னுட்ச்சி சார்," என்றார் அவர். "டிசி வாங்கினு போனவங்க நோட்டு நல்லா கீது. அட்ரஸோட கீது."

அதை வாங்கிக்கொண்டேன். வரலாற்றில் சேர்ந்திருந்த பெயர்களைப் பிடித்து வீடு வீடாக விசாரித்தேன். ஒருவன் டல்லாஸ், ஒருவன் சிங்கப்பூர், ஒருத்தி டாக்டர். எனக்கே புல்லரித்தது. இவ்வளவு பேரை நானா உருவாக்கினேன் என்று மலரில் எட்டுப் பக்கம் எழுதினேன். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில்தான் இருந்தன. இரண்டையும் அப்படியே மலரில் எழுதிவைத்தேன்; வரலாற்று ஆசிரியன் தேதியைப் பார்க்கவில்லை.

டல்லாஸ்காரர் லீவில் சொந்த ஊரான நகரிக்கு வந்திருந்தார். அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்தோம். மைக்கைப் பிடித்தார்.

"நான் இங்க ஹிஸ்டரில இருந்தது இருபத்திரண்டு நாள். இன்ஜினியரிங் சீட்டு வர்ற வரைக்கும் ஊட்ல சும்மா குந்திக்கினு இருக்காதன்னு நைனா சேத்து உட்டாரு. சார் கிளாஸ்ல நல்லா தூங்குவேன். சாரு ஒரு நாளும் எழுப்பனதில்ல. அந்த நன்றிக்குத்தான் வந்தேன்."

அரங்கமே கைதட்டியது. பழக்க தோஷத்தில் நானும் தட்டினேன்.

மேடைக்குப் பின்னால் கரஸ்பாண்டென்ட் மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். "முன்னுக்கு வந்தவங்கல்லாம் இங்கேர்ந்து ஓடிப்போனவங்கதான்னு நீங்களே எழுதியிருக்கீங்க சார். வர்ற வருஷம் உங்க ரூம்ல கம்ப்யூட்டர் போட்டுடலாம். மீரேமண்டாரு?"

நான் என்ன சொல்கிறேன் என்று தெலுங்கில் கேட்டுவிட்டார். சண்டை போடத் தேவையான தெலுங்கு எனக்குத் தெரியும்.

"சரிங்க சார்," என்றேன். "கம்ப்யூட்டர் பசங்களுக்கு இங்கிலீஷ் நானே எடுக்கறேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். திரும்பினால், மாலைகளை எடுத்துவைத்துக்கொண்டு என் மூன்று மாணவர்களும் நிற்கிறார்கள். நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர் மகள்தான் வாயைத் திறந்தாள்.

"உங்க வேல தப்பிச்சிச்சி சார். எங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் கீதே."

"உங்களுக்கு நான் நடத்தி முடிச்சுடுவேன்மா."

"எங்க சார்? ரூம குடுத்துட்டீங்களே."

கரஸ்பாண்டென்ட் பின்னாலேயே போய் இவர்களுக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள். கரஸ்பாண்டென்டுக்குப் பக்கத்து இலை எனக்கு. போய் உட்கார்ந்தேன். அவர் எனக்கு இன்னொரு வடை வைக்கச் சொன்னார்.