அக்காவுக்கு ஜோடித்த வண்டி

எங்கள் பெரிய மாமா வேலாயுதம், பெண்டாட்டியைக் கண்ணில் வைத்துத் தாங்கினவர் என்று பிள்ளையார்பாளையத்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். தாங்கினார், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது முகத்தை உருக்கமாக வைத்துக்கொள்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. கூடவே இருந்து பார்த்தவள் நான். அவர் தம்பியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனவள். மாமாவின் மனைவி ஏலவார்குழலி எனக்கு ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மாமா பட்டுத் தறிக்காரர். அதோடு உற்சவத்தில் வாகனத்தைத் தண்டில் கட்டுகிற முறையும் அந்த வீட்டு ஆண்களுக்கு உண்டு. சாமியை அலங்கரிப்பது குருக்கள். சாமி ஏறுகிற வாகனத்தை, ஆட்கள் தோளில் தூக்கும் தண்டோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டுவது இவர்கள். நாலு ராஜவீதி சுற்றி வருவதற்குள் ஒரு பக்கம் சாய்ந்தால் ஊரே வாய்க்கு வந்தபடி பேசும். மாமா கட்டினால் சாயாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அக்காவுக்கு முதுகெலும்பில் காசநோய் என்று அறுபத்தெட்டில் தெரிந்தது. குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற வலி என்று எண்ணெய் தேய்த்தே ஒரு வருஷத்தைத் தொலைத்திருந்தோம். வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாசா மாசம் வந்து காட்ட வேண்டும், முதுகு அசையக்கூடாது, படுத்தே இருக்க வேண்டும், வரும்போதும் ரயிலில் படுக்கவைத்துக் கூட்டி வர வேண்டும் என்றார். சொன்னபடி இருந்தால் எழுந்து நடக்கலாம், இல்லாவிட்டால் கால் இரண்டும் விழுந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். குழந்தை இல்லாத தம்பதி. அந்தக் கால்களைக் காப்பாற்றுவதைத் தவிர மாமாவுக்கு வேறு நினைப்பு இல்லாமல் போயிற்று.

ரயிலில் படுக்கவைத்துக் கூட்டி வா என்று சொல்வது சுலபம். அரக்கோணத்தில் மாறி, காட்பாடியில் இறங்கி, கூட்டத்தில் ஒருத்தியைப் பலகையோடு தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தால்தான் தெரியும். முதல் தடவையே அக்காவைக் கழிவறை வாசலில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார்கள். அடுத்த தடவை பஸ். வாலாஜா வரைக்கும் முந்தானையைக் கடித்துக்கொண்டே அழுதாளாம்.

அப்போதுதான் ஜாவா மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வந்தது. மாமா பட்டு நெய்துகொடுத்த முதலாளியின் மகன் ஓட்டி அலுத்து மூலையில் போட்டிருந்த வண்டி. மாமா ஓட்டக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. அதை அக்கா உட்காரத் தகுந்ததாக ஆக்குவதற்குத்தான் ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று.

புடவை கட்டினவள் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். அப்படி உட்கார்ந்தால் இடுப்பு ஒரு திக்கு, தோள் ஒரு திக்கு என்று உடம்பு முறுக்கிக்கொள்ளும். அந்த முதுகு அதைத் தாங்காது. அதனால் பின் சீட்டையே கழற்றி எறிந்துவிட்டு, இடது பக்கம் பார்த்த மாதிரி ஒரு நாற்காலி வைத்தார் மாமா. ஐயம்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த துரைக்கண்ணு குழாயை வளைத்துக் கொடுத்தார். தோள் உயரத்துக்குச் சாய்மானம், கை வைக்க இரண்டு பக்கமும் கட்டை, கால் வைக்க அகலமான பலகை. இடது பக்கம் கனம் ஏறியதும் வண்டி அந்தப் பக்கமே இழுத்தது. வாகனம் கட்டுகிறவருக்கு இது தெரியாதா? வலது பக்கம் ஒரு தகரப் பெட்டி மாட்டினார். அதில் தண்ணீர்க் கூஜா, ஸ்டவ், மாற்றுப் புடவை, மருந்து. அதுவும் போதாமல் ஒரு பை மணல்.

மெத்தைக்குத் தேங்காய் நார் அடைத்தார், குத்தியது. இலவம்பஞ்சு அடைத்தார், அமுங்கிப்போயிற்று. அடியில் நார், மேலே பஞ்சு, அதற்கு மேல் கம்பளி என்று வைத்துத் தைத்ததும் சரியாக வந்தது. ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் உட்காரவைத்துப் பார்ப்பார். எங்கே குத்துது, எங்கே அழுத்துது என்று கேட்டே என் உயிரை எடுத்துவிட்டார். பிறகு ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் ஊற்றி, நாற்காலியில் வைத்துக் கட்டிக்கொண்டு திருப்புட்குழி வரைக்கும் போய் வருவார். எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஸ்பிரிங்கை மாற்றுவார், டயரில் காற்றைக் குறைப்பார், மறுபடி போவார். கடைசியில் சொம்பின் விளிம்பு மட்டும் நனைந்திருந்தது.

துரைக்கண்ணுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னா வேலாயுதம், கொடையும் சாமரமும்தான் பாக்கி. அதையும் வெச்சிட்டா பொறப்பாடு ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

"நீ பத்தவைக்கறத ஒழுங்கா பத்தவை" என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை.

பட்டைகளை அவரே தறியில் நெய்தார். கை அகலத்துக்கு நூல் பட்டை. இடுப்பில் ஒன்று, விலாவில் ஒன்று, தோளுக்குக் குறுக்கே ஒன்று. அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து அவர் கட்டி முடித்தபோது கழுத்துக்குக் கீழே எதுவுமே அசையவில்லை. கட்டினது இறுக்கவும் இல்லை. அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

முதல் தடவை வேலூர் போய்த் திரும்பியபோது, அழுது வீங்கின முகத்தை எதிர்பார்த்து வாசலில் நின்றேன். அக்கா சிரித்துக்கொண்டு வந்தாள்.

"வலியே இல்ல வள்ளி. தாமல் ஏரி பாத்திருக்கியா நீ? கண்ணுக்கு எட்டுன மட்டும் தண்ணிதான் இருக்குது" என்றாள்.

பக்கத்துத் தெருவில் பிறந்து, இந்தத் தெருவில் வாழ்க்கைப்பட்டு, தறிக்குழிக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் வயதைக் கழித்தவள் அவள். இப்போது பக்கவாட்டில் உட்கார்ந்து போனதால் எதிரே புருஷன் முதுகு மறைக்கவில்லை. வயலும் ஏரியும் மலையுமாக ஒரு ராஜ்யமே அவள் முன்னால் போயிற்று. டாக்டர் எப்படி வந்தீர்கள் என்று கேட்டாராம். மாமா வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, "ரயில்லதாங்க, படுத்துக்கினு வந்தேன்" என்று சொல்லிவிட்டாளாம். உண்மையைச் சொன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார் என்ற பயம்.

அவள் உடம்பும் தேறினாற்போலத்தான் இருந்தது. காய்ச்சல் விட்டது, கன்னத்தில் சதை வைத்தது. வலியும் இல்லை. பிறகென்ன? வேலூரிலிருந்து திரும்பும் வழியில் திருமுக்கூடலுக்குப் போனார்கள். அது வழியே இல்லை, நேர் எதிர்த்திசை. மூன்று ஆறு சேருமிடத்தைப் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டாளாம், மாமா விட்டுவிட்டார் வண்டியை. அடுத்த மாதம் திருவண்ணாமலை. அதற்கடுத்து மகாபலிபுரத்துக் கடல். இப்போது வண்டிக்கு என்ன வேண்டும் என்று அக்காவே சொல்ல ஆரம்பித்தாள். கைக்கட்டையில் ஒரு கண்ணாடி வைத்தால் பின்னால் போவதையும் பார்க்கலாம் என்றாள், வைத்தார். எதிர்க்காற்றுக்குத் தடுப்பு வேண்டும் என்றாள், கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு வாங்கி வந்து மாட்டினார்.

"டாக்டர் படுத்துக்கினு இருக்கச் சொன்னாரு இல்லக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாசம் பூரா படுத்துக்கினுதானே இருக்கறேன். உத்தரத்த எத்தினி தடவ எண்றது? இது ஒண்ணுதான் எனக்கு. இதையும் வேணாம்னு சொல்லாத" என்றாள்.

இந்த வண்டியை மைசூரில்தான் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லிவைக்க, மைசூர் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். எழுபதாம் வருஷம், அறுவடை முடிந்த சமயம். கூடுதலாக ஒரு பெட்ரோல் டின், டியூப், கிளட்ச் ஒயர், சுருட்டின படுக்கை, கொசுவலை எல்லாம் ஏற்றி, வலமும் இடமும் தூக்கித் தூக்கிப் பார்த்து எடையைச் சரி செய்தார் மாமா. தெருவே கூடி நின்று வழியனுப்பியது. அக்கா கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மைசூர் பார்த்துத் திரும்பி வந்து, மாமா வாசலில் பட்டைகளை அவிழ்த்து, "எறங்கு" என்றார். அக்கா இறங்கவில்லை. கால் மரத்திருக்கும் என்று தேய்த்துவிட்டார். நானும் உட்கார்ந்து தேய்த்தேன். அவர் தேய்ப்பதை அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, அது தன் கால் என்பதுபோலப் பார்க்கவில்லை.

அன்றைக்கே வாடகைக் காரில் படுக்கவைத்து வேலூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் புதுப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு நொறுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். எப்படிக் கூட்டி வந்தீர்கள் என்று இந்தத் தடவை கேட்டபோது மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"இவ்வளவு தூரம் போயிருக்கீங்களே. வலிக்கலையா அவங்களுக்கு?"

"இல்லீங்க. வலிக்காத மாதிரிதான் கட்டனேன்."

டாக்டர் திட்டவில்லை. வலித்திருந்தால் நிறுத்தியிருப்பீர்கள் என்றார். பிறகு, படுத்தே இருந்திருந்தாலும் சில பேருக்கு இப்படி ஆகிவிடுவதுண்டு, இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். இரண்டாவது சொன்னது என் காதில் விழுந்தது. மாமாவின் காதில் விழவே இல்லை. ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். கால் வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையில் மாமா ரம்பம் எடுத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்தார். நாற்காலியின் குழாய்களை ஒவ்வொன்றாக அறுத்தார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள், சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உள்ளே படுத்திருந்த அக்கா, "அறுக்காதீங்க" என்று கத்தினாள். மறுபடி கத்தினாள். ரம்பச் சத்தம் நிற்கவில்லை. மீதி வண்டியை வாலாஜாக்காரர் ஒருத்தர் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா கூப்பிட்டுக் கேட்டாள். "காலுதான் போச்சு. கண்ணு இருக்குது இல்ல? கட்டி ஒக்கார வெச்சா நான் ஒக்கார மாட்டேனா?"

"போதும்மா. ஒரு தடவ பண்ணது போதும்" என்றார் மாமா.

பல நாள் கெஞ்சினாள். மாமா அசையவில்லை. ஒருநாள் கெஞ்சுவதை நிறுத்தினாள், அதோடு அவரிடம் பேசுவதையும் நிறுத்தினாள். நானும் எத்தனையோ தடவை சொன்னேன். வண்டி வேண்டாம், ஒரு மாட்டு வண்டியில் மெத்தை போட்டு ஏரிக்கரை வரைக்குமாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். "என் கையாலயே இன்னொரு தடவ பண்ணச் சொல்றியா?" என்பார். அத்தோடு பேச்சு முடியும்.

அதற்கப்புறம் மாமா செய்ததைத்தான் ஊர் கொண்டாடுகிறது. குளிப்பாட்டினார், தலை வாரிவிட்டார், புண் வராமல் இருக்க ராத்திரி எழுந்து எழுந்து புரட்டிப் போட்டார். இவள் காலை எடுத்த கை என்று சொல்லி, கோயிலில் வாகனம் கட்டுவதையும் விட்டார். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னிடம் மட்டும் பேசுவாள். எல்லாம் ரோட்டைப் பற்றித்தான். எந்த ஊருக்கு அப்புறம் எந்த ஊர், எந்த இடத்தில் புளியமரம் முடிந்து மலை தெரியும் என்று. கேட்கக் கேட்க எனக்கு மாமாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

எழுபத்துமூன்றில் படுக்கைப்புண் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. கடைசி வாரத்தில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மைசூரு போவச்சொல்லவே, கிருஷ்ணகிரிகிட்டயே காலு மரத்துப் போச்சு வள்ளி. சொன்னா திருப்பிக்கினு வந்துடுவாரு. அதான் சொல்லல, எறங்கச்சொல்ல எல்லாம் அவரு தோளப் புடிச்சிக்கினு சமாளிச்சேன்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு, மாமா என்னைக் கூப்பிட்டார்.

"கால எடுத்துட்டேன்ற கோவத்துலயே போயிட்டா உங்கக்கா. நாயந்தான். நான் பண்ணதுக்கு அவ பேசாம இருந்ததுதான் நாயம்" என்றார். அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை நாளும் இருந்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. செத்தவளுக்காகப் பேச ஒருத்தர் வேண்டாமா?

"காலுக்காக இல்ல மாமா" என்றேன். "கிருஷ்ணகிரியிலயே மரத்துப் போனது அக்காவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மைசூரு வரைக்கும் வந்தாங்க. திரும்பி வந்தப்புறம் நீங்க எங்கியுமே கூட்டிக்கினு போவல. கோவம் அதுக்குத்தான்."



"அப்போ அன்னிக்கி அறுக்காதன்னு கத்தனது..." என்று இழுத்தார் மாமா.

"நெஜமாத்தான் சொன்னாங்க மாமா."

அவர் சுவரோரம் போய், அக்கா படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். அவள் முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்தார். அங்கே வெறும் சுண்ணாம்புச் சுவர். அதில் பார்க்க ஒன்றுமில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.