மூன்றாவது காது

கழுத்துக்கு மேலே அவர் பார்ப்பதே இல்லை. பழைய இசைத்தட்டுக் கடையில் பெட்டி பெட்டியாக நிற்கும் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறார். பாடியது யார், என்ன பாட்டு, எந்தக் காலத்துத் தட்டு என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். அட்டைப் படத்தில் இருப்பவரின் தோள், முழங்கை, விரல்கள், இவ்வளவுதான் பார்ப்பார். பிறகு அடுத்ததைத் தள்ளுவார். கடைக்காரர் ஆரம்பத்தில் இவரை ஒரு மாதிரியான ஆள் என்று நினைத்து ஒரு கண் வைத்திருந்தார். அந்தப் பெட்டிகளில் இருக்கும் படுமோசமான அட்டைகளில் பாதி இவருடைய கைவண்ணம் என்று தெரிந்த பிறகு, நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்.

ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அதை இழுத்து மூடும் வரை அங்கேயே அட்டை செய்துகொண்டிருந்தவர். எல்லோருக்கும் அவர் அட்டைக்காரர். தாலாட்டுப் பாடல்களுக்குப் புலி படம் போட்டவர் இவர்தான். கையில் அன்றைக்குப் புலிதான் இருந்ததாம். ஒரு பியானோக்காரரைக் கோட்டும் சூட்டுமாக அருவிக்கு நடுவில் உட்கார வைத்தார். சோகப் பாடல் தொகுப்பு ஒன்றுக்கு அழுகிற பெண்ணின் படம் கிடைக்கவில்லை. சிரிக்கிற பெண்ணின் கன்னத்தில் வெள்ளை மையால் இரண்டு சொட்டு வைத்து அனுப்பிவிட்டார்.

எங்கேயாவது இடம் காலியாகக் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. ஒரு ரோஜாவை ஒட்டிவிடுவார். “சும்மா விட்டா மொதலாளி கத்துவாரு. ‘இந்த எடத்துக்கும் சேத்துத்தானே அச்சடிக்கிறோம், பாலைவனம் மாதிரி விட்டு வெச்சிருக்கியே’ம்பாரு” என்கிறார். பாட்டுப் பதிவு முடிவதற்கு முன்பே அட்டை அச்சுக்குப் போயாக வேண்டும் என்பதால், தான் அட்டை போட்ட எந்தப் பாட்டையும் அவர் கேட்டதில்லை. “கேட்டுட்டுப் போட்டிருந்தா மட்டும் கிழிச்சிருப்பேனா?” என்று தன்னையே வாரிக்கொள்வார்.

கலைஞர்கள் அனுப்பி வைப்பது முகம் மட்டும் தெரிகிற படம், அதுவும் எதற்கோ எப்போதோ எடுத்ததாக இருக்கும். முதலாளிக்கோ வாத்தியத்தோடு ஆள் முழுசாகத் தெரிய வேண்டும். அட்டைக்காரர் வாத்தியத்தை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவார். மனைவியின் கையில் கொடுத்து, ஜன்னல் ஓரமாக நிற்க வைத்துப் படம் எடுப்பார். பிறகு பிளேடால் கழுத்தோடு வெட்டிவிட்டு, அங்கே கலைஞரின் தலையை ஒட்டுவார். அந்த அம்மாள் கிட்டார் பிடித்தாள், புல்லாங்குழல் பிடித்தாள். செல்லோ என்று ஆள் உயர வயலின் மாதிரி ஒன்று வந்தபோது அதைக் கட்டிக்கொண்டு நின்றாள். புதர் மீசை வைத்த ஒரு கிட்டார்க்காரருக்கு அவ்வளவு மெல்லிய மணிக்கட்டு வாய்த்தது இப்படித்தான்.

அவளுக்குத் தன் முகத்தைப் படம் எடுப்பது பிடிக்காது. “என் மூஞ்சிய மட்டும் எடுத்துடாதீங்க, அப்புறம் கெட்ட கோவம் வரும்” என்று கேமராவைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்வாள். கல்யாணப் படத்தில்கூடக் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் நிற்கிறாள். அவருக்கும் அது வசதியாகப் போயிற்று. எப்படியும் அந்தத் தலையை வெட்டிக் குப்பைக்கூடையில் போடப்போகிறவர்தானே.

அவர் வெட்டி ஒட்டும்போது அவள் பக்கத்திலேயே நிற்பாள். அவருடைய சிவப்புப் பென்சில் அவள் காதில் செருகியிருக்கும். தலையை நிமிர்த்தாமல் கையை நீட்டி எடுப்பார், கோடு போடுவார், பார்க்காமலே மறுபடி அங்கே செருகுவார். “இது என் காதா, உங்க மேசையா?” என்பாள். ஆனால் காதைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள்.

ஒருநாள் வயலின் வாசிக்கும் ஓர் அம்மாளின் இசைத்தட்டுக்கு அவசர அட்டை. அச்சகத்து ஆள் வாசலிலேயே வந்து நின்றுவிட்டார். அன்றைக்கு எடுத்த படத்தில் மனைவி வழக்கம்போலத் தலையைத் திருப்பியிருந்தாள். அட்டைக்காரர் அவசர அவசரமாக வெட்டி, வயலினம்மாவின் முகத்தை ஒட்டிக் கொடுத்துவிட்டார். அச்சாகி வந்த அட்டையில் வயலினம்மாவுக்கு இரண்டு காது போக, வலது பக்கம் கூந்தலுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு காது எட்டிப் பார்த்தது. அதில் சிவப்புப் பென்சில் ஒன்றும் செருகியிருந்தது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர் சரிபார்க்காமல் இல்லை. காதையும் பார்த்தார், பென்சிலையும் பார்த்தார். இரண்டும் தினமும் பார்க்கிற இடத்தில் இருந்ததால் கண்ணுக்கு உறைக்கவே இல்லை.

பார்த்தவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “மூணு காது இருக்கு, இனிமே சுருதி எங்க தப்பப்போகுது?” என்றார்கள். வயலினம்மா கம்பெனிக்கே வந்து, அட்டையை மேசை மேல் வைத்து அழுதுவிட்டுப் போனாள். வெறும் எழுத்து மட்டும் போட்ட அட்டை அவசரமாகத் தயாரானது. திரும்பி வந்த பழைய அட்டைகளை அட்டைக்காரரே வீட்டில் உட்கார்ந்து கிழித்துப் போட்டார். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்னங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க. இத்தனை அட்டையில நான் நானா வந்தது இதுலதான்” என்றாள்.

அவமானத்தில் வெந்துகொண்டிருந்தவருக்கு அந்தச் சிரிப்பு எரிச்சலாக இருந்தது. கையில் இருந்ததை அவள் கண்ணெதிரே கிழித்தார்.

“குடுத்திருக்கலாம்” என்கிறார் இப்போது. “ஒரு அட்டை. அதுல என்ன கொறஞ்சு போயிடும்? அவ கேட்டு நான் மாட்டேன்னது அது ஒண்ணுதான்.” பிறகு, “பொய் சொல்றேன். எத்தனையோ தடவ மாட்டேன்னிருக்கேன். இது மட்டும் தொண்டையில நிக்குது” என்கிறார்.

அவள் இறந்த பிறகு பழைய அட்டைகளைத் தேடித் தேடி வாங்கி வந்து வீட்டுச் சுவரெல்லாம் மாட்டியிருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கை, அவள் தோள். மேலே மட்டும் யார் யாரோ சிரிக்கிறார்கள். எப்போதாவது வரும் மகளுக்கு இது தாங்கவில்லை. “அப்பா, வர்றவங்க பயந்துக்குவாங்க, கழட்டி வையுங்க” என்கிறாள். “உங்கம்மா கைடி அது.” “மீசைக்காரருக்குக் கீழயாப்பா அம்மாவைப் பார்க்கணும்?”  அந்த மூன்று காது அட்டை கிடைத்துவிட்டால் மற்றதையெல்லாம் கழற்றிவிடுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

போன வாரம் கடைக்காரர்தான் துப்புக் கொடுத்தார். பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டரம்மா. மோசமான அட்டைகளாகப் பொறுக்கிச் சேர்ப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் மாட்டி வைத்தால், அவர்கள் சிரித்துப் பயத்தை மறந்துவிடுகிறார்களாம். “அங்க ஒரு காது அட்டை பார்த்த ஞாபகம்” என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அட்டைக்காரர் கிளம்பிவிட்டார். வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது, மொத்தமும் பல்செட்டு. அப்படிப்பட்டவர் பல் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

சுவரின் நடுவில், சட்டம் போட்ட கண்ணாடிக்குள் அது இருந்தது. கன்னம் வீங்கிய ஒருவர் அதைப் பார்த்துத் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஐயோ, சிரிச்சா வலிக்குதே. இதைச் செஞ்சவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்!”

“கெடச்சிட்டேனே” என்றார் அட்டைக்காரர்.

சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. “நீங்களா சார்! உங்களாலதான் இங்க பாதிப் பேர் ஓடிப்போகாம உக்காந்திருக்காங்க. ரொம்ப நாளா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அந்த மூணாவது காது யாரோடது?”

“என் வீட்டுக்காரியோடது.”

“அடடா! அவங்க இதைப் பார்த்தாங்களா?”

“பார்த்தா. தனக்கு ஒண்ணு வேணும்னு கேட்டா…”

 கன்னம் வீங்கியவர் சிரிப்பை நிறுத்தினார். டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தானே ஏறிச் சட்டத்தைக் கழற்றினாள். முந்தானையோ துண்டோ தேடாமல் கையாலேயே தூசியைத் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

“எடுத்துட்டுப் போங்க சார்.”

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். சட்டத்தை வயிற்றில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். உள்ளறையிலிருந்து உதவியாள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார், யாரும் எழுந்திருக்கவில்லை. அட்டைக்காரர் உள்ளங்கையை விரித்து வயலினம்மாவின் முகத்தின் மேல் வைத்தார். அது முழுசாக மறைந்து, பென்சில் செருகிய காது வெளியே தெரியும்படி கையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, குனிந்து பார்த்தபடி நின்றார்.